கண்மாய் மீனில் மண்வாடை: உப்பா, மோரா, புளியா, உயிரோடு விடுவதா?

நல்ல கட்லாவாகப் பார்த்து வாங்கி, ஏழு தண்ணீர் விட்டு அலசி, மசாலா பக்குவமாக அரைத்துக் குழம்பு வைத்து, வாசம் தெருவரை போய், கடைசியில் முதல் துண்டை வாயில் வைத்ததும் சேற்றை மென்ற மாதிரி இருந்தால் வயிறெரியும். அப்புறம் அந்த வீட்டில் வருடக்கணக்கில் யாரும் ஏரி மீன், கண்மாய் மீன் என்று வாய் திறக்க மாட்டார்கள். "நமக்குக் கடல் மீன்தான் ஒத்துவரும்" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். நான் சிவகங்கைப் பக்கம் கண்மாய்க் கரையில் வளர்ந்தவன், எங்களுக்கு மீன் என்றாலே கண்மாய் மீன்தான், கடல் மீன் வண்டியில் ஐஸ் வைத்து வருவது. ஒரு தடவை வாடை அடித்துவிட்டது என்பதற்காக ஒதுக்க வேண்டிய மீன் இல்லை அது.

மண்வாடை போக ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். கல் உப்பு போட்டு உரசு, சாம்பல் போட்டு உரசு, அரிசி கழுவின தண்ணியில போடு, மோர்ல ஊற வை, பால்ல ஊற வை, புளித்தண்ணி, எலுமிச்சம்பழம், வினிகர், இல்லன்னா உயிரோட வாங்கி ரெண்டு நாள் அண்டாவுல விடு. இதில் எதுவும் வெறும் கட்டுக்கதை இல்லை, ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றுக்கு உதவத்தான் செய்கிறது. ஆனால் எல்லாமே மண்வாடைக்கு உதவுவதில்லை. எது எதற்கு என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மீனில் போட்டு அலசுவதால்தான் மீன் சக்கையாகிறது, வாடை மட்டும் அப்படியே இருக்கிறது.

முதலில் இதைப் பிரித்துக்கொள்வோம். மீனின் மேல் இருக்கும் வழவழப்பு ஒன்று. செவுளுக்குள்ளும் குடலுக்குள்ளும் கிடக்கும் நிஜமான சேறு இன்னொன்று. இவை இரண்டும் கையில் படும், கழுவினால் போகும். மூன்றாவது, சதைக்குள்ளேயே ஏறிவிட்ட வாடை. அது கையில் படாது, கண்ணுக்கும் தெரியாது, அதற்குக் காரணம் சேறும் இல்லை. ஜியோஸ்மின் என்று ஒரு பொருள், கூடவே எம்ஐபி என்று சுருக்கமாகச் சொல்லும் இன்னொரு பொருள். நீலப்பச்சைப் பாசிகளும், மண்ணிலும் சேற்றிலும் வாழும் சில பாக்டீரியாக்களும் இவற்றை உண்டாக்குகின்றன. ஜியோஸ்மினைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தது 1965-இல். கோடையில் முதல் மழை விழுந்ததும் எழும்புகிற மண்வாசனையில் இருப்பது இதுதான், பீட்ரூட்டில் அடிக்கும் மண் வாசமும் இதுதான். மழை நாளில் மூச்சை இழுத்து ரசிக்கிற அதே வாசனை சோற்றுத் தட்டில் வந்தால் குமட்டுகிறது. ஒரு கிராமைப் பத்துக் கோடிப் பங்காகப் போட்டு அதில் ஒரு பங்கை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால்கூட நம்மில் பலருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும், அவ்வளவு கூர்மை. மீன் சதையில் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் இருந்தாலே நாக்கில் தெரிகிறது. அதனால்தான் முக்கால்வாசி வாடை போனாலும் "இன்னும் இருக்கே" என்று தோன்றுகிறது.

மீன் இதைத் தின்று ஏற்றிக்கொள்வதைவிட செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்து இழுத்துக்கொள்வதுதான் அதிகம். உள்ளே ஏற சில மணி நேரம் போதும், இறங்க நாள் கணக்கில் ஆகும். போய்த் தங்குவது கொழுப்பில். அடித்தரையில் மேயும் மிர்காலுக்கும் சாதாக் கெண்டைக்கும்தான் வாடை வரும், மேல்நீரில் மேயும் கட்லாவுக்கு வராது என்று நம்புகிறவர்கள் நிறைய. பாசி பூத்த குளத்தில் கட்லாவும் அதே தண்ணீரைத்தான் சுவாசிக்கிறது, அதற்கும் வரும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கவிச்சி வேறு, மண்வாடை வேறு. கடல் மீன் நாள்பட்டால் அடிக்கும் அந்தக் குப்பென்ற கவிச்சிக்குக் காரணமான பொருள் நன்னீர் மீனில் மிகவும் குறைவு. கடல் மீனுக்குச் சொல்லப்பட்ட பக்குவத்தைக் கண்மாய் மீனுக்கு அப்படியே செய்துவிட்டு ஏன் போகவில்லை என்று கேட்பதில் அர்த்தமில்லை.

சரி, எந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்று இரண்டு வருடத்துக்கு முன் வைகாசியில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கண்மாய் வற்றி, மடைக்கு முன்னால் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்த சமயம். அதில் பிடித்த மிர்கால், ஒன்றே முக்கால் கிலோ. வாடைக்கு இதைவிட நல்ல மீன் கிடைக்காது. ஆய்ந்து, ஒரே கனத்தில் துண்டு போட்டு, ஐந்து பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கை உப்பும் மஞ்சளும் தடவி அலசியதோடு விட்டேன். ஒன்று அரிசி கழுவிய தண்ணீரில், ஒன்று புளித்த மோரில், ஒன்று புளித்தண்ணீரில். ஐந்தாவதைத் தோலை உரித்து, வயிற்றுச் சதையையும் பக்கவாட்டில் ஓடும் பழுப்புச் சதையையும் எடுத்துவிட்டுப் புளித்தண்ணீரில் போட்டேன். எல்லாம் இருபது நிமிடம். அப்புறம் மசாலா எதுவும் இல்லாமல், இட்லிக் கொப்பரையில் தட்டு தட்டாக வைத்து வேகவைத்தேன். மசாலா போட்டால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்தத் தட்டு எது என்று சொல்லாமல் அப்பத்தா, அம்மா, சித்தப்பா மூன்று பேர் முன்னால் வைத்தேன்.

மூடியைத் திறந்தபோதே ஆவியில் குளத்து வாடை அடித்தது. அப்பத்தா முதல் தட்டில் ஒரு இணுக்கு கிள்ளி வாயில் போட்டு, இரண்டாவதிலும் ஒரு இணுக்கு போட்டுவிட்டுச் சொன்னது: "இது கழுவாத மண்ணு, இது கழுவுன மண்ணு, அம்புட்டுத்தான்." முதலாவது உப்பு மஞ்சள், இரண்டாவது அரிசிக் கழுநீர். மூக்குக்கு முன்னால் வைத்தால் கழுநீர்த் துண்டு கொஞ்சம் தேவலை, நாக்கில் இரண்டும் ஒன்று. மோரில் ஊறியது சற்றுக் குறைவு, ஆனால் சதை குழைந்து போயிருந்தது. புளித்தண்ணீரில் ஊறியதில் வாடை பாதிக்கு மேல் போயிருந்தது என்று மூன்று பேரும் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான். ஐந்தாவது தட்டை அப்பத்தா திரும்பவும் எடுத்துச் சாப்பிட்டது. "இது வேற மீனாடா?" என்று கேட்டது. அதே மீன்தான்.

வீட்டுக் கொப்பரையில் பார்த்த சோதனைதான் இது, ஆய்வகம் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு நான் மீன் ஆயும் விதமே மாறிப்போனது.

உப்பு, சாம்பல் உரசலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், இதை வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். விரால், குரவை, கெளுத்தி, ஆரல் மாதிரி வழுக்குகிற மீனுக்கு இது இல்லாமல் முடியாது. அந்தச் சளியில்தான் குளத்து அழுக்கு ஒட்டியிருக்கும், அதை எடுக்காமல் குழம்பில் போட்டால் குழம்பே கொழகொழவென்று நாறும். விறகடுப்புச் சாம்பல் கையில் பிடிமானம் கொடுக்கும், சளியை உறிஞ்சும். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது, கல் உப்போடு ஒரு பிடி தவிடோ கோதுமை மாவோ போட்டு உரசினாலும் அதே வேலை நடக்கும். சொரசொரப்பான கல்லில் போட்டு, விராலின் கறுப்புத் தோல் வெளுக்கும்வரை உரசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசினால் போதும். ஆனால் இது மேல் வேலை மட்டும்தான். கட்லா, ரோகு மாதிரி செதில் மீனைத் துண்டு போட்ட பிறகு உப்புப் போட்டுப் பத்துத் தடவை பிசைவதில் பலன் இல்லை, சதைச் சாறுதான் போகிறது.

அரிசிக் கழுநீரைப் பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. செலவில்லாத வழி, கடைசி அலசலுக்கு நல்லது. மண்வாடைக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

மோரும் பாலும் பொரிக்கிற மீனுக்குச் சரியாக வரும். மோரில் மெல்லிய புளிப்பு இருக்கிறது, அதோடு மசாலா ஒட்டிக்கொள்ளவும் உதவுகிறது. ஜிலேபி மீனைக் கீறல் போட்டு, புளித்த மோரில் கால் மணி நேரம் வைத்து, வடித்துத் துடைத்துவிட்டு மசாலா தடவினால் நன்றாக இருக்கும். அதற்கு மேல் வைத்தால் குழையும்.

பால் என்றதும் அயிரை ஞாபகம் வராமல் இருக்காது. மதுரைப் பக்கம் அயிரை மீனை உயிரோடு வாங்கி வந்து, பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விடுவார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன், அதன் வயிற்றைக் கீறி ஆய முடியாது, முழுசாகத்தான் குழம்பில் போடுவது. பாலில் விட்டதும் துள்ளித் துள்ளிக் குடித்து, வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கும். வெள்ளையாக இருந்த பால் கொஞ்ச நேரத்தில் அடியில் சாம்பல் நிறத்தில் தங்கும். அப்புறம் கல் உப்புப் போட்டு, மண்சட்டியில் தேய்த்து அலசுவார்கள். கவனித்தால் இங்கே பால் செய்கிற வேலை வாடையை எடுப்பது இல்லை, வயிற்று மண்ணை வெளியேற்றுவது. அயிரைக்கு அதுதான் வேண்டியது, அதற்கு அது அருமையான வழி. இதைப் பார்த்துவிட்டு செத்த கட்லாத் துண்டைப் பாலில் ஊற வைத்தால் அது எதைக் கக்கும்?

இப்போது புளி. எனக்குக் கேட்டால், வீட்டில் செய்யக்கூடியதில் இதுதான் முதலிடம். புளியில் இருக்கும் அமிலம் பட்டால் ஜியோஸ்மின் உருமாறி வாசனையை இழக்கும். நம் ஊர் மீன் குழம்பு புளிக் குழம்பாக இருப்பதற்கும், கேரளத்தில் குடம்புளியும் இலங்கையில் கொறுக்காய்ப்புளியும் மீனோடு சேர்வதற்கும் கெடாமல் இருப்பது, ருசி என்று பல காரணம் இருந்தாலும், குளத்து மீனுக்கு அது மருந்தாகவும் அமைந்திருக்கிறது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு எலுமிச்சம்பழ அளவு புளியை அரை லிட்டர் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, ஒரு கரண்டி கல் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து, மீன் முழுகும்படி இருபது நிமிடம். அப்புறம் ஒரே ஒரு தடவை அலசு, போதும். அமிலம் மேலிருந்துதான் உள்ளே போகும் என்பதால் துண்டு கனமாக இருந்தால் நடுச்சதைக்கு எட்டாது. அரை அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம், முழு மீன் என்றால் ஆழமாகக் கீறல் போட வேண்டும். ஒரு மணி நேரம் வைத்தால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், சதை வெளுத்து, குழம்பில் போட்டதும் உதிர்ந்து முள் தனியாக வந்துவிடும்.

எலுமிச்சையும் அதே வேலையைச் செய்யும், பொரிக்கிற மீனுக்கு அதுதான் பொருத்தம், ஆனால் கண்மாய் மீன் அதிகம் கிடைக்கிற கோடையில்தான் எலுமிச்சை விலையும் ஏறி நிற்கும். வினிகர் வேகமாக வேலை செய்யும், அலசிய பிறகும் அதன் நெடி தங்கும் என்பதால் எனக்குப் பிடிக்கவில்லை. அதே கோடையில் மாங்காய் சல்லிசாகக் கிடைக்கும். கண்மாய் வற்றும் மாதமும் மாங்காய் இறங்கும் மாதமும் ஒன்றாக வருவது எங்கள் ஊர்க் குழம்புக்குக் கிடைத்த வரம் என்றுதான் நான் நினைக்கிறேன். புளித்தண்ணீரில் ஊற வைத்த மீனைக் குழம்பில் போட்டு, இறக்கும் முன் கிளிமூக்கு மாங்காய்த் துண்டு நாலு போட்டுக் கொதிக்கவிட்டால், மிச்சம் மீதி இருக்கும் வாடையும் ஒடுங்கிவிடும்.

ஆனால் புளியைவிட முக்கியமானது கத்தி. வாடை கொழுப்பில் தங்குகிறது என்றால் கொழுப்பு இருக்கும் இடத்தை எடுத்துவிட வேண்டியதுதானே? கட்லா, ரோகு, மிர்கால், கெண்டை எல்லாவற்றிலும் வயிற்றோரச் சதை எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். துண்டை நறுக்கிப் பார்த்தால் இரண்டு பக்கமும் தோலுக்குக் கீழே, நடுவாக, பழுப்பும் சிவப்புமாக ஒரு ஆப்பு மாதிரி சதை தெரியும், அதிலும் கொழுப்பு அதிகம். தோலுக்கு அடியில் ஒரு படலம். இவற்றை எடுத்துவிட்டால் வாடையில் பெரும்பங்கு அதோடு போய்விடும். வயிற்றின் உள்பக்கம் கறுப்பாக ஒட்டியிருக்கும் சவ்வு, முதுகெலும்பை ஒட்டி உறைந்து கிடக்கும் ரத்தம், இரண்டையும் நகத்தாலோ பழைய பல்துலக்கியாலோ சுரண்டி எடுக்க வேண்டும். கடையில் ஆய்ந்து தரும்போது அவசரத்தில் இதை விட்டுவிடுவார்கள்.

நான் வழக்கமாக வாங்கும் இடத்தில் முதல் தடவை "தோலை உரிச்சுக் குடுங்கண்ணே" என்று கேட்டபோது அவர் கத்தியை நிறுத்திவிட்டு, "தோலை எடுத்தா என்ன ருசி இருக்கும் தம்பி?" என்றார். அவர் சொன்னது நியாயம். நல்ல தண்ணீர் மீனுக்குத் தோலும் வயிற்றுச் சதையும்தான் ருசி, கட்லாவின் வயிற்றுப் பகுதிக்குச் சண்டையே நடக்கும். அதனால் எல்லா மீனுக்கும் இதைச் செய்ய வேண்டாம். கோடைக் கடைசியில் வற்றிய குளத்து மீன், பாசி பூத்த தண்ணீர் மீன், பெரிய சாதாக் கெண்டை, இவற்றுக்கு மட்டும் செய்யுங்கள். கிலோவுக்குக் கால் கிலோ வரை கழிவு போகும், அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

தலை பிடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்லாத் தலையில் செவுளைப் பிய்த்து எடுத்ததோடு நிறுத்தக்கூடாது. செவுளின் உள்பக்கம் சீப்பு மாதிரி நெருக்கமாக ஒன்று இருக்கும், மீன் தண்ணீரிலிருந்து நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்பது அதில்தான், அதற்குள் பாசியும் சேறும் அடைந்து கிடக்கும். தொண்டைக்கு அருகே இருக்கும் பற்களையும் சேர்த்து, தலையை இரண்டாகப் பிளந்து முழுசாக எடுத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை நேராக அதன்மேல் விட்டுக் கழுவ வேண்டும். பலர் தலைக்குழம்பு நாறுகிறது என்று சொல்வது இந்த ஒரு இடத்தால்தான். பித்தப்பை உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கசப்பு மட்டும் அல்ல, புல்கெண்டை மாதிரி மீன்களின் பித்தம் சிறுநீரகத்துக்கே கேடு.

உயிரோடு வாங்கி நல்ல தண்ணீரில் விடுவதுதான் வேரிலேயே கைவைக்கிற வழி. மற்ற எல்லா வழியும் செத்த மீனில் மிச்சம் இருக்கும் வாடையோடு போராடுவது, இது ஒன்றுதான் மீனே தன் உடம்பிலிருந்து வாடையை இறக்கும் வழி. எந்தச் செவுள் வழியாக ஏறியதோ அதே வழியாக மெதுவாக வெளியே போகும். செக் நாட்டில் கிறிஸ்துமஸுக்குக் கெண்டையை உயிரோடு வாங்கி வந்து சில நாள் குளியல் தொட்டியில் விடும் வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் தொட்டி இல்லை, அலுமினிய அண்டா. மாடிப்படிக்கு அடியில் அண்டாவை வைத்து, போர் தண்ணீர் நிரப்பி, நாலு விராலை விட்டு, மூடி போட்டு, மூடிமேல் இரண்டு செங்கல் வைப்பார் அப்பா. செங்கல் இல்லாவிட்டால் காலையில் விரால் வாசலில் கிடக்கும். ராத்திரி முழுக்கத் 'டொம் டொம்' என்று மூடியில் முட்டும் சத்தம் கேட்கும். முதல் நாள் சாயங்காலம் தண்ணீர் கலங்கி அடியில் கறுப்பாகக் கழிவு கிடக்கும், கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். இரண்டாம் நாள் கலங்கல் குறையும். மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்து, மீனின் கண்ணும் வரியும் மேலிருந்து பார்த்தாலே தெரியும். தீனி எதுவும் போடக்கூடாது. தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விட்ட வாடை அதே தண்ணீரில் சுற்றும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றக்கூடாது, ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றலாம்.

எவ்வளவு நாள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு ராத்திரி விட்டால் வயிறு காலியாகும், சளி குறையும், சதை வாடை இறங்காது. மூன்று நாலு நாளில் விராலில் நல்ல வித்தியாசம் தெரியும், ஒரு வாரம் விட்டால் இன்னும் நல்லது. கொழுப்பு அதிகமுள்ள மீனுக்கு வாரக்கணக்கில்கூட ஆகும். மீன் கொஞ்சம் மெலியும், எடை குறையும். இதைவிடப் பெரிய சிக்கல், எல்லா மீனும் அண்டாவில் தங்காது. விரால், குரவை, தேளி மாதிரி மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீன்தான் வாளியில் உயிரோடு இருக்கும் (தேளியின் முள் குத்தினால் கை வீங்கிவிடும், துணி போட்டுத்தான் பிடிக்க வேண்டும்). கட்லாவையும் ரோகுவையும் காற்று ஊதும் மோட்டார் இல்லாமல் விட்டால் சில மணி நேரத்தில் மிதக்கும். ஆகவே விரால் என்றால் இந்த வழி, கட்லா என்றால் புளியும் கத்தியும். பண்ணை வைத்திருப்பவர்கள் பிடித்த மீனை விற்கும் முன் சுத்தமான ஓடும் தண்ணீரில் சில நாள் தீனி இல்லாமல் வைத்திருந்தால் வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப வருவார்கள், அதைச் செய்கிற பண்ணைக்காரர்களைத் தேடிப் போய் வாங்குங்கள்.

சமைக்கும் விதத்திலும் தேர்வு இருக்கிறது. வாடை சந்தேகம் என்றால் குழம்பு, அதுவும் புளி தூக்கலாக, பூண்டும் வெந்தயமும் சேர்த்து, நல்லெண்ணெயில். சூட்டில் புளி சதைக்குள் இறங்கி மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். பொரித்தால் சுடச்சுடத் தெரியாது, ஆறியதும் வாடை எட்டிப்பார்க்கும், ஆகவே பொரிப்பதென்றால் தோலை எடுத்து, மெல்லியதாகப் போட்டு, உடனே சாப்பிடுவது. வங்காளத்தில் மஞ்சள் உப்புத் தடவிக் கடுகெண்ணெயில் ஒரு பொரி பொரித்த பிறகே குழம்பில் போடுவார்கள், ரோகுவுக்கு அதைச் செய்து பார்த்தேன், சதையும் உடையாமல் நின்றது. மீன் புட்டுக்கு மட்டும் வாடையுள்ள மீனை எடுக்காதீர்கள், அதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

இதையெல்லாம்விட வாங்கும்போது பார்ப்பது எளிது. ஐப்பசி கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து, மார்கழி தையில் பிடிக்கும் மீனில் வாடை குறைவு. மாசிக்குப் பிறகு தண்ணீர் வற்றி, சூடேறி, சாணமும் கோழி எருவும் கொட்டி வளர்க்கும் குட்டைகளில் பாசி பூத்துவிட்டால் எந்த மீனும் நாறும். மேட்டூர், பவானிசாகர் மாதிரி ஆழமான அணை மீனை நான் தயங்காமல் வாங்குவேன், தண்ணீர் ஓட்டம் உள்ள ஆற்று மீனையும். எங்கள் பக்கம் மீன்பிடித் திருவிழாவில் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊரே ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கண்மாயில் இறங்கும், சேற்றைக் கலக்கிக் கலக்கிப் பிடிப்பதால் அன்றைக்குக் கிடைக்கும் மீனில் செவுள் முழுக்கச் சேறு இருக்கும். அந்தச் சந்தோஷத்தை விட மனசு வராது. விரால் கிடைத்தால் அண்டா, கெண்டை கிடைத்தால் தோலை உரித்துப் புளிக்குழம்பு, எங்கள் வீட்டில் அதுதான் ஏற்பாடு.

ஒன்றை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். மண்வாடை உடம்புக்குக் கெடுதல் இல்லை, நாக்குக்குத்தான் பிடிக்காது. மண்ணெண்ணெய் வாடை, சாக்கடை வாடை, மருந்து நெடி அடிக்கும் மீன் அப்படி இல்லை. அது ஆலைக் கழிவோ சாக்கடையோ கலந்த தண்ணீர் மீன். புளி, மோர், எதுவும் அதற்கு வழி இல்லை, கொட்டிவிட வேண்டும்.

சந்தேகமாக இருக்கும் மீனை எப்படி முன்கூட்டியே தெரிந்துகொள்வது? அமெரிக்காவில் மிசிசிப்பிப் பக்கம் கெளுத்திப் பண்ணைகளில் குளத்து மீனை அறுவடை செய்யும் முன் ஒரு மீனைப் பிடித்து, உப்புகூடப் போடாமல் வேகவைத்து, அதற்கென்றே இருக்கும் ஆள் முகர்ந்து ருசித்துப் பார்ப்பார். வாடை இருந்தால் அந்தக் குளத்தை அன்றைக்குத் தொட மாட்டார்கள். நான் அதையே வீட்டில் செய்கிறேன். மீனை ஆய்ந்ததும் வால் துண்டைத் தோலோடு ஒரு கிண்ணத்தில் வைத்து, மூடி போட்டு ஆவியில் வைத்துவிடுவேன். மூடியைத் திறந்ததும் முதல் ஆவியை முகர்ந்து, ஒரு இணுக்கு வாயில் போட்டால் தெரிந்துவிடும். வாடை இல்லாவிட்டால் தோலோடு பொரியல், இருந்தால் தோலை உரிக்கக் கத்தியை எடுக்க வேண்டியதுதான். பத்து நிமிட வேலை, அதற்குள் புளியும் ஊறியிருக்கும்.